நைஜர்: கடலுக்கு முதுகு காட்டிப் பிறந்த ஆறு

அட்லாண்டிக் கடலுக்கு அவ்வளவு கிட்டத்தில் பிறக்கும் நைஜர் ஆறு ஏன் கடலை விட்டுவிட்டு சஹாராவைப் பார்த்து ஓடுகிறது, அது எங்கே போய்க் கடலில் விழுகிறது என்பது 1830 வரை ஐரோப்பியர்களுக்குத் தெரியாமலே இருந்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஆற்றின் அந்த வளைவுக்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், ஆனால் சுருக்கினால் இந்த ஆற்றுக்கு நியாயம் செய்ததாகாது.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். கினி நாட்டின் மேட்டு நிலத்தில், சியரா லியோன் எல்லைக்குப் பக்கத்தில் ஆறு தொடங்குகிறது. அங்கிருந்து அட்லாண்டிக் சுமார் 240 கி.மீ.தான். ஆனால் மேற்கே மலை மறித்து நிற்பதால் தண்ணீர் வடகிழக்கே சரிகிறது. மாலிக்குள் நுழைந்து பமாகோ, செகூ, மோப்தி என்று போய், டிம்பக்டு பக்கத்தில் பாலைவனத்தின் விளிம்பையே தொட்டுவிட்டு, பூரெம் என்ற ஊர் அருகே தென்கிழக்காகத் திரும்புகிறது. அப்புறம் காவோ, நைஜர் நாட்டின் தலைநகரான நியாமே, பெனின் எல்லையோரம், நைஜீரியா. லோகோஜாவில் கேமரூன் பக்கமிருந்து வரும் பெனுவே ஆறு வந்து சேர்கிறது. சேருமிடத்தில் பெனுவேதான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. அதன்பிறகு நேரே தெற்கே இறங்கி, நூற்றுக்கணக்கான கால்வாய்களாகப் பிரிந்து கினி வளைகுடாவில் கலக்கிறது. மொத்தம் சுமார் 4,180 கி.மீ., ஆப்பிரிக்காவில் நைல், காங்கோவுக்கு அடுத்த நீளம். ஊற்றிலிருந்து முகத்துவாரத்துக்கு நேர்கோடு போட்டு அளந்தால் 2,000 கி.மீ. கூட வராது. மீதியெல்லாம் அந்த வளைவு செய்த வேலை.

சரி, ஏன் இந்த வளைவு? இது ஆதியில் ஒரே ஆறு இல்லை என்பதுதான் புவியியலாளர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். கினியிலிருந்து வந்த மேல் நைஜர், டிம்பக்டுவுக்கு வடக்கே இருந்த ஒரு பெரிய உள்நாட்டு ஏரிப் பள்ளத்தில் போய் முடிந்தது. கடலுக்கு அதற்கு வழியே கிடையாது. இன்னொரு பக்கம், அந்தப் பள்ளத்துக்குக் கிழக்கேயிருந்த மேட்டில் வேறொரு ஆறு பிறந்து தெற்கே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சஹாரா இன்று போல எப்போதும் வறண்டு கிடக்கவில்லை. ஏரிகளும் புல்வெளிகளும் இருந்த காலம் ஒன்று உண்டு, நீர்யானையும் முதலையும் வரைந்த பாறை ஓவியங்கள் பாலைவன நடுவில் இன்னும் இருக்கின்றன. நிலம் காய்ந்து மணல்மேடுகள் வடக்கே வழியை அடைக்க அடைக்க, மேல் நைஜரின் தண்ணீர் கிழக்கே தள்ளப்பட்டு, பூரெமுக்குச் சற்று முன்னால் டோசாயே என்ற இடத்தில் பாறையின் நடுவே இருக்கும் ஒரு குறுகிய இடுக்கு வழியாக அந்தப் பக்கத்து ஆற்றோடு சேர்ந்துகொண்டது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டு துண்டை ஒட்டுப்போட்ட மாதிரி தெரிவது அதனால்தான்.

பழைய ஏரிப் பள்ளத்தின் மிச்சம் இன்னும் மாலி நடுவில் இருக்கிறது. உள்நாட்டு டெல்டா என்று அதற்குப் பெயர். டெல்டா என்றால் கடலோரத்தில்தானே இருக்க வேண்டும்? இங்கே கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில், சஹாராவின் தெற்கு ஓரத்து வறண்ட சாஹேல் நிலத்தின் நடுவில், ஆறு விரல் விரித்தது மாதிரி பிரிந்து பரவுகிறது. தரை அவ்வளவு சமம், தண்ணீருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்றே பிடிபடாது. நல்ல மழை பெய்த ஆண்டில் 20,000 சதுர கி.மீ.க்கு மேல் வெள்ளக்காடாகும். அந்தப் பரப்பிலேயே வெயில் குடித்தது, மண் குடித்தது என்று செகூவுக்கும் டிம்பக்டுவுக்கும் இடையில் ஆறு தன் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை இழந்துவிடும் என்று கணக்கிடுகிறார்கள். அதை இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மாலியின் மீன், அரிசி, மாடு மூன்றும் அந்த 'இழந்த' தண்ணீரில்தான் உயிர் வாழ்கின்றன.

இந்தப் பரப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. கினியில் கோடைக்குப் பின் பெய்யும் மழையின் வெள்ளம் பமாகோவுக்குக் கீழே கூலிகோரோவை செப்டம்பரில் கடக்கும். உள்நாட்டு டெல்டாவுக்குள் நுழைந்ததும் அது நடைபோட ஆரம்பித்துவிடும். டிம்பக்டு பக்கம் உச்சம் வருவது டிசம்பர் வாக்கில், நியாமேக்கு வருவது ஜனவரி, பிப்ரவரியில். அதாவது மழை நின்று நான்கு மாதம் ஆகி, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத, சஹாராவின் தூசிக்காற்று வீசுகிற மாதங்களில் ஆறு நிறைந்து ஓடும். நியாமேக்காரர்களுக்கு ஆண்டில் இரண்டு வெள்ளம். ஆகஸ்ட், செப்டம்பரில் பக்கத்து ஓடைகள் செம்மண்ணை அடித்துக்கொண்டு வரும் செவ்வெள்ளம் ஒன்று, அப்புறம் டெல்டாவில் வண்டலையெல்லாம் இறக்கிவிட்டு நிதானமாக வந்து சேரும் கினி வெள்ளம் ஒன்று. பிந்தையதை நைஜீரியாவில் கருவெள்ளம் என்கிறார்கள், தண்ணீர் தெளிந்து கருப்பாகத் தெரிவதால்.

இதை நம்பி வாழ்கிறவர்கள் மூன்று தரப்பு. போசோ மக்கள் மீன்பிடிப்பவர்கள், வெள்ளத்தோடு சேர்ந்து இடம் மாறுகிறவர்கள். பயிர்செய்கிறவர்கள் ஆப்பிரிக்க நெல் விதைக்கிறார்கள். நாம் சாப்பிடும் ஆசிய நெல்லுக்கு இது தனி இனம், ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியிலேயே மனிதர்கள் பழக்கி எடுத்தது. இதில் சில வகைகள் வெள்ளம் ஏற ஏறத் தண்டை நீட்டிக்கொண்டு மேலே மிதக்கும். மூன்றாவது, ஃபுலானி இடையர்கள். வெள்ளம் வடிந்த இடத்தில் 'பூர்கூ' என்ற நீர்ப்புல் அடர்ந்து கிடக்கும், மாடுகளுக்கு அதைவிடச் சத்தான தீனி அந்த வட்டாரத்தில் கிடையாது. அதன் தண்டு இனிக்கும் என்பதால் மனிதர்களும் அதிலிருந்து பானம் செய்து குடிக்கிறார்கள்.

ஒரே நிலத்தில் ஒரு மாதம் மீன், ஒரு மாதம் நெல், ஒரு மாதம் மாடு என்றால் சண்டை வரத்தானே செய்யும்? அதற்காகத்தான் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், 1818-இல் ஃபுலானி மதத்தலைவர் செகு அமாது நிறுவிய ஹம்துல்லாஹி அரசு, எந்த மந்தை எந்த வழியாக எப்போது உள்ளே வரலாம், யாருக்குப் பின் யார் என்று விதி வகுத்தது. அதன் நிழல் இன்னும் இருக்கிறது. தியாஃபராபே என்ற ஊரில் ஒவ்வோர் ஆண்டும் பெரியவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் எவ்வளவு வடிந்திருக்கிறது, நெல் அறுவடை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்து ஒரு நாள் குறிப்பார்கள். அதுவரை மாதக்கணக்கில் வறண்ட புல்வெளிகளில் மாடு மேய்த்துவிட்டு வந்த இளைஞர்கள் அக்கரையில் காத்திருப்பார்கள். குறித்த நாளில் மந்தைகள் ஆற்றில் இறங்கும். தண்ணீருக்கு மேல் கொம்புகளும் மூக்கும் மட்டும் தெரிய, மேய்ப்பர்கள் கூடவே நீந்திக் குரல் கொடுத்துக்கொண்டு வர, இக்கரையில் தாய்மார்களும் கட்டிக்கொள்ளப் போகிற பெண்களும் தலை பின்னி, இருப்பதில் நல்ல உடையை உடுத்து நிற்பார்கள். கொழுத்த மாடுகளோடு கரையேறுகிறவனுக்கு ஊரே மரியாதை செய்யும். யுனெஸ்கோ இந்த மந்தைத் திருவிழாவை 2005-இல் மனிதகுலத்தின் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக மாலியின் நடுப்பகுதியில் நடக்கும் ஆயுத மோதல்களால் இந்த ஒழுங்கு சிதைந்துகொண்டிருப்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

வரலாறு என்றால் பலரும் நேரே டிம்பக்டுவுக்குத் தாவிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஜென்னே-ஜெனோ இருக்கிறது. கி.மு. 250 வாக்கில் குடியேற்றம் தொடங்கி கி.பி. 1400 வரை மக்கள் வாழ்ந்த நகரம். சூசன் மெக்கின்டோஷ், ரோடெரிக் மெக்கின்டோஷ் தம்பதி 1977-இல் அங்கே தோண்டும் வரை, மேற்கு ஆப்பிரிக்காவில் நகரம் என்பதே அரபு வணிகர்கள் வந்த பிறகு முளைத்தது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்மேடு அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. அரபு வணிகர் யாரும் எட்டிப் பார்ப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இரும்பு உருக்கி, நெல் விளைவித்து, உள்ளூர் வணிகத்தில் அவர்கள் நகரம் கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் இன்றைய ஜென்னேயின் களிமண் பள்ளிவாசல் 1907-இல் மறுபடி கட்டியது. ஆற்றோர மண்ணோடு நெல் உமியைக் கலந்து ஊறவைத்து, ஊரே திரண்டு ஆண்டுதோறும் பூசினால்தான் அது நிற்கும்.

அப்புறம் பேரரசுகள். 13-ஆம் நூற்றாண்டில் சுந்தியாட்டா தொடங்கிய மாலி, 1324-இல் மன்சா மூசாவின் ஹஜ் பயணத்தால் உலகுக்கே தெரிந்தது. அடுத்து காவோவைத் தலைநகராகக் கொண்ட சோங்காய். மேல் நைஜர் பக்கத்துப் பூரே தங்கம் படகில் கீழே வரும், பாலைவனத்தின் தகாசா உப்புப்பாளங்கள் ஒட்டகத்தில் தெற்கே வரும், இரண்டும் சந்திப்பது ஆறு பாலைவனத்தைத் தொடும் அந்த ஒரே இடத்தில். டிம்பக்டு அங்கே ஏன் இருக்கிறது என்பதற்கு வேறு காரணமே தேட வேண்டாம், ஒட்டகத்திலிருந்து இறக்கிப் படகில் ஏற்றும் துறை அது. சோங்காயின் சன்னி அலி 1464 முதல் 1492 வரை ஆண்டபோது படகுப்படைதான் அவருக்குப் பெரிய பலம். 1591-இல் மொராக்கோவிலிருந்து பாலைவனத்தைக் கடந்து வந்த துப்பாக்கிப் படை காவோவுக்கு அருகே தொண்டிபியில் சோங்காயை முறியடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆறு ஒன்று, பெயர்கள் பல. மாண்டிங் மக்களுக்கு ஜோலிபா, சோங்காய் மக்களுக்கு இசா பேர், ஹவுசா மொழியில் குவாரா, யொருபா மக்களுக்கு ஓயா. ஓயா அவர்களுக்குப் புயலின் தெய்வமும்கூட. நைஜர் என்ற பெயர் லத்தீனில் கருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சஹாராவில் வாழும் துவாரெக் மக்களின் மொழியில் 'ஆறுகளின் ஆறு' என்ற பொருள்படும் எகெரெவ் ந-இகெரெவென் என்பதன் திரிபு என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெயர் இருக்கும்போது, வெளியிலிருந்து வந்தவனுக்கு ஜோலிபாவும் குவாராவும் ஒன்றேதான் என்று எப்படித் தெரியும்?

எழுதி வைத்தவர்களும் குழப்பினார்கள். 12-ஆம் நூற்றாண்டில் அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி இது மேற்கே ஓடுகிறது என்றார். 16-ஆம் நூற்றாண்டில் லியோ ஆப்பிரிக்கானஸ் என்ற பயணி அந்த நாட்டுக்கே போயும் மேற்கே ஓடுவதாகத்தான் எழுதினார். ஐரோப்பா 200 ஆண்டுகளுக்கு மேல் அவரை நம்பி, செனகல் ஆற்றையும் காம்பியா ஆற்றையும் இதன் வாய் என்று நினைத்தது. சரியாகப் பார்த்தவர் மொராக்கோப் பயணி இபின் பதூதா. 1340-களில் மதுரை சுல்தான்களிடம் வந்து தங்கிப்போன அதே மனிதர்தான், 1352-இல் மாலிக்குப் போனார். ஆறு கிழக்கே டிம்பக்டு, காவோ என்று போகிறது என்று சரியாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகு எகிப்துக்குப் போய் நைலாகிறது என்று தப்பாக முடித்தார். அவர் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆற்றோரமாக மலம் கழிக்க ஒதுங்கியிருக்கிறார், உள்ளூர்க்காரர் ஒருவர் நேரே வந்து அவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டார். என்ன வெட்கங்கெட்ட மனிதன் இவன் என்று இவருக்குக் கோபம். பிறகு விசாரித்தால், கரையோரம் முதலை கிடந்ததாம், அது இவரைப் பிடித்துவிடாமல் இருக்கத்தான் அந்த மனிதர் குறுக்கே நின்றாராம்.

முங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1796 ஜூலையில் செகூவில் நின்று, ஆறு கிழக்கே ஓடுவதைக் கண்ணால் பார்த்து எழுதினார். எங்கே முடிகிறது என்று அப்போதும் தெரியவில்லை. உள்நாட்டு ஏரியில் ஆவியாகிறது என்றார் ஆங்கிலப் புவியியலாளர் ரென்னெல். காங்கோதான் இது என்று ஒரு கட்சி, நைல்தான் என்று ஒரு கட்சி. பார்க் 1805-இல் திரும்பி வந்து படகில் கீழே போய்ப் பார்த்தே விடுவது என்று இறங்கினார். கூட வந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் ஆற்றை அடையும் முன்பே காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்துப்போனார்கள். மிச்சம் நான்கைந்து பேரோடு போனவர் 1806-இல் நைஜீரியாவின் புஸ்ஸா பாறைப்பாய்ச்சலில் இறந்தார். கடலுக்கு ஆற்றில் இன்னும் கால்வாசி வழிதான் பாக்கி.

1830-இல் ரிச்சர்ட் லேண்டர் என்ற ஆங்கிலேயரும் தம்பி ஜானும் அதே புஸ்ஸாவிலிருந்து கீழே இறங்கினார்கள். பெனுவே சேரும் இடத்தைத் தாண்டியதும் இக்போ படகுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் அபோ ஊர் அரசரிடம் நிறுத்தினார்கள். பிராஸ் என்ற கடலோர டெல்டா ஊரின் வணிகத் தலைவர் ஒருவர் மீட்புப்பணம் கொடுத்து, திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு, தன் படகிலேயே அவர்களைக் கடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே நின்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் அந்தப் பணத்தைத் தர மறுத்துவிட்டான். ஆக, 'கண்டுபிடித்தவர்கள்' என்று லண்டன் புவியியல் சங்கம் பதக்கம் கொடுத்த பயணத்தின் கடைசிக் கட்டத்தில் அவர்கள் கைதிகள். வழி தெரிந்து துடுப்புப் போட்டவர்கள் தினமும் அந்த வழியில் போய்வந்த வணிகர்கள்.

இதில் என்னை அதிகம் உலுக்குவது இன்னொன்று. பிராஸ், போனி, கலபார் துறைகளில் ஐரோப்பியக் கப்பல்கள் அதற்கு முன் 300 ஆண்டுகளுக்கு மேலாக வந்து நின்றிருக்கின்றன. அடிமைகளாக மனிதர்களை ஏற்றியிருக்கின்றன, பிறகு பாமாயில் ஏற்றியிருக்கின்றன. நைஜரின் வாயிலேயே நங்கூரம் போட்டுக்கொண்டு நைஜர் எங்கே என்று தேடியிருக்கிறார்கள். ஏனென்றால் டெல்டாவில் பெரிய ஆற்றின் வாய் என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படாது. கண்டல் காடுகளுக்கு நடுவே ஒன்றைப் போலவே ஒன்றாக நூறு உப்பங்கழிகள். உள்ளே போகலாம் என்றால் மலேரியா. அதோடு, உள்நாட்டுச் சரக்கைக் கைமாற்றிப் பிழைத்த டெல்டா அரசுகள் வெள்ளைக்காரனை மேலே விடவும் இல்லை, விட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

அந்தப் பூட்டைத் திறந்தது மலேரியாவைத் தடுக்கும் கொயினா மருந்து. 1832-இல் லேயர்ட் என்ற பிரிட்டிஷ் வணிகர் நீராவிக் கப்பல்களோடு போனபோது 48 ஐரோப்பியர்களில் 9 பேர்தான் மிஞ்சினார்கள். 1854-இல் மருத்துவர் பெய்க்கி தன் ஆட்களுக்குத் தினமும் கொயினா கொடுத்து மேலே போய்த் திரும்பினார், ஒருவர்கூடச் சாகவில்லை. பிறகு நடந்ததை ஊகிக்கலாம். 1886-இல் பிரிட்டிஷ் வணிக நிறுவனமான ராயல் நைஜர் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது, ஆறு எல்லோருக்கும் பொது என்று ஐரோப்பிய அரசுகள் கூடிய பெர்லின் மாநாட்டில் எழுதியிருந்தும் கம்பெனி அதைத் தன் சொந்த வாய்க்கால் மாதிரி அடைத்தது. லேண்டர் சகோதரர்களைக் காப்பாற்றிய அதே பிராஸ் மக்கள் வணிகமும் இல்லாமல் சோறும் இல்லாமல் நின்றார்கள். 1895 ஜனவரியில் அவர்களுடைய அரசர் கோகோ போர்ப்படகுகளோடு அக்காசாவில் இருந்த கம்பெனிக் கிடங்கைத் தாக்கினார். பதிலுக்கு பிரிட்டிஷ் கடற்படை போய் அவர்களுடைய நெம்பே ஊரைக் கொளுத்தியது. 1900-இல் 8,65,000 பவுண்டு வாங்கிக்கொண்டு கம்பெனி நாட்டை அரசுக்குக் கைமாற்றியது. நைஜீரியா என்ற பெயரையே 1897-இல் ஃபுளோரா ஷா என்ற பத்திரிகையாளர் லண்டன் டைம்ஸில் முன்வைத்தார். ஆற்றின் பெயரிலிருந்து எடுத்த பெயர்.

20-ஆம் நூற்றாண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனியாக எழுத வேண்டிய விஷயம். மேலே மாலியில் பிரெஞ்சுக்காரர்கள் பஞ்சு விளைவிக்க மர்க்காலாவில் அணை கட்டினார்கள், கட்டாய உழைப்பில் எழுந்தது, 1947-இல் முடிந்தது. பத்து லட்சம் ஹெக்டேர் பாசனம் என்று திட்டம், இன்று வரை அதில் சிறு பகுதிதான் நடந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் நெல். கீழே டெல்டாவில் 1956-இல் ஒலொய்பிரியில் எண்ணெய் கிடைத்தது. அதன்பின் கசிந்த எண்ணெயும் எரித்த வாயுவும் கழிகளை என்ன செய்தன என்பதை ஒகோனி மக்களின் நிலத்தை ஆராய்ந்து ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் விரிவாக எழுதியது. அந்த நிலத்துக்காக முன்பே குரல் கொடுத்த ஒகோனி எழுத்தாளர் கென் சாரோ-விவாவை நைஜீரிய ராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. 1970-80களின் வறட்சியில் 1985-இல் நியாமேயில் ஆறு ஏறக்குறைய நின்றே போனது. முங்கோ பார்க் இறந்த புஸ்ஸா இப்போது இல்லை, 1968-இல் முடிந்த கைஞ்சி அணையின் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. ஊரை வேறிடத்துக்கு மாற்றிப் புதிய புஸ்ஸா என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு ஒன்பது நாடுகள் சேர்ந்த நைஜர் வடிநில ஆணையம் ஒன்று இருக்கிறது. மேலே யார் அணை கட்டினாலும் நடுவில் இருக்கும் பூர்கூ புல்லுக்குத் தண்ணீர் எட்டுமா என்பதுதான் அவர்கள் முன் இருக்கும் பெரிய கேள்வி.

நேரம் கிடைத்தால் செயற்கைக்கோள் படத்தில் மாலியை எடுத்து, மே மாதப் படத்தையும் நவம்பர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோப்திக்கும் டிம்பக்டுவுக்கும் நடுவே மே மாதத்தில் வெறும் பழுப்பாகக் கிடந்த இடம் நவம்பரில் கரும்பச்சையாக விரிந்திருக்கும், அதன் வடக்கு ஓரத்தில் மணல்மேடுகள் வரிசைவரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அங்கிருந்து ஆற்றைக் கிழக்கே பிடித்துக்கொண்டே போனால் டோசாயே இடுக்கு வரும்.